அனாமத்துக் கணக்கில் ஒரு பறக்கும் தட்டு

பறக்கும் தட்டுன்னு பேச்செடுத்தாலே நம்ம வகுப்புல ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். "ஏலியன்தான் மச்சி"ன்னு ஒண்ணு, "எல்லாம் சும்மா கப்சா"ன்னு இன்னொண்ணு. நான் எந்தக் கோஷ்டின்னு கடைசியில சொல்றேன் :-)

முதல்ல கதையைக் கேளுங்க. 2004 நவம்பர் 14. அமெரிக்காவின் சான் டியேகோவுக்கு அப்பால், பசிபிக் கடல். நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலோட படை பயிற்சியில இருந்தது. கூடவே வந்த பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலோட ரேடார்ல சில நாளாவே இன்னதுன்னு தெரியாத புள்ளிகள். அன்னிக்குப் பறந்துக்கிட்டிருந்த ரெண்டு எஃப்-18 விமானங்களை "போய் என்னன்னு பாருங்க"ன்னு திருப்பி விட்டாங்க.

ஒண்ணுல கமாண்டர் டேவிட் ஃபிரேவர், இன்னொண்ணுல அலெக்ஸ் டீட்ரிச். பின்சீட்டுக்காரங்களையும் சேர்த்து நாலு பேர். கீழே கடல் ஒரு இடத்துல மட்டும் கொந்தளிக்குது. அதுக்கு மேல சுமார் 40 அடி நீளத்துல, வெள்ளையா, டிக் டாக் மிட்டாய் மாதிரி ஒண்ணு. இறக்கை இல்லை, புகை இல்லை. கிட்ட போனதும் அது சட்டுனு வேகமெடுத்து மறைஞ்சுடுச்சுன்னு ஃபிரேவர் சொல்றார். அப்புறம் போன வேறொரு விமானம் அகச்சிவப்புக் கேமராவுல ஒரு வீடியோ எடுத்தது.

கப்பலுக்குத் திரும்பினவங்களுக்குக் கிடைச்சது? கிண்டல்தான்.

2017-ல இந்த விஷயம் நியூயார்க் டைம்ஸ்ல வந்தது. 2020-ல பென்டகனே அந்த வீடியோவை அதிகாரபூர்வமா வெளியிட்டது. வீடியோவுல தெரியறது தொலைவுல போற சாதாரண விமானமா இருக்கலாம்னு மிக் வெஸ்ட் என்ற ஆய்வாளர் சொல்றார். நியாயமான வாதம். ஆனா வீடியோ வேற, அதுக்கு முன்னாடி விமானிகள் கண்ணால பார்த்தது வேற.

2021-ல அமெரிக்க உளவுத்துறை ஒரு அறிக்கை கொடுத்தது. 144 சம்பவங்கள்ல ஒண்ணுக்கு மட்டும் உறுதியா விடை: காத்து இறங்கின பெரிய பலூன். மீதி 143-க்கு விளக்கம் இல்லை. அதுக்காக வேற்றுக்கிரகவாசின்னும் எழுதல.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம அக்கவுண்டன்சிதான் ஞாபகம் வந்தது. இருப்பாய்வு ரெண்டு பக்கமும் சரியா வரலைன்னா, வித்தியாசத்தை அனாமத்துக் கணக்குல வைப்போம். அது லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. "இன்னும் தெரியல, தேடிக்கிட்டிருக்கோம்"னு அர்த்தம், அவ்வளவுதான்.

போன லீவுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பயிற்சிக்குப் போயிருந்தேன். ஒரு கணக்குல 1,140 ரூபாய் உதைச்சது. "சில்லறைச் செலவுல தள்ளிடு தம்பி, யார் பார்க்கப் போறா"ன்னார் சீனியர். நான் தள்ளல. அன்னிலேர்ந்து அங்கே எனக்குப் பேரு "அனாமத்து"!

வித்தியாசத்தை மறைச்சா கணக்கு அழகா இருக்கும், உண்மை இருக்காது. "ஏலியன்"னு எழுதறவரும், "ஒண்ணுமில்லை"ன்னு எழுதறவரும் செய்யறது அதேதான். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவரைக் கிண்டலடிச்சா, அடுத்தவர் வாயே திறக்க மாட்டார். அப்புறம் எங்கே தேடறது?

நான் மூணாவது கோஷ்டி மக்களே. அனாமத்துக் கோஷ்டி. நீங்க?