மெதுவாக ஓடும் கணினியும் புதுக் கணினிக் கடனும்

புலம்பெயர்ந்து வந்த நாடுகளில் எமது பிள்ளைகள் பலர் கணினித்துறையைத் தெரிவு செய்கிறார்கள். தொழிற்பயிற்சியில் சேர்ந்ததும் 'வேர்ச்சுவல் மெசின்' என்ற ஒன்றை வீட்டுக் கணினியில் போடச் சொல்வார்கள். போட்டதும் கணினி நத்தை போல ஊரத் தொடங்கும். உடனே பெற்றோரிடம் வரும் வேண்டுகோள், புதுக் கணினி. இன்னும் காலூன்றாத குடும்பத்துக்கு ஆயிரம் யூரோ சின்னக் காசல்ல. ஆகவே இதுபற்றி நான் அறிந்ததை எழுதுகிறேன். நான் கணினி படித்தவனல்லன். சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடம் விட்டு, ஜேர்மனியில் தொழிற்சாலையொன்றில் வேலை செய்பவன்.

வேர்ச்சுவல் மெசின் என்பது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி. வெளியே விண்டோஸ் இருக்க, உள்ளே லினக்ஸ் ஓடும். பிள்ளை உள்ளே எதையாவது பிழையாகச் செய்தாலும் அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம். இது புதிய விடயமுமல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1972இலேயே தன் பெருங்கணினிகளுக்கு இதை அறிவித்தது. ஆனால் உள்ளே ஓடும் கணினிக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு குடும்பம் இருந்து ஒரே குசினியில் சமைப்பது போல, செயலி, நினைவகம், வட்டு மூன்றையும் இரண்டும் பங்கிட வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் உற்பத்தி வரிசை தாமதித்தால் எல்லா இயந்திரங்களையும் குறை சொல்வதில்லை. பொருள் எங்கே குவிந்து நிற்கிறதோ, அதற்கு அடுத்த இயந்திரத்தைத்தான் போய்ப் பார்ப்போம். இங்கும் அதே முறைதான்.

அக்காவின் மகன் எங்களோடு இருந்து பயிற்சிக்குப் போகிறான். அவனுடைய மடிக்கணினியின் நினைவகம் 8 ஜிகாபைட். உள்ளே லினக்ஸ் திறக்க 9 நிமிடம் எடுத்தது. கடைக்காரர், "இது பழசு, புதிது வாங்குங்கோ" என்றார். நாங்கள் வீட்டுக்கு வந்து, லினக்ஸ் ஓடும்போதே விண்டோஸின் டாஸ்க் மானேஜரைத் திறந்து பார்த்தோம். செயலி 20 வீதம். நினைவகம் 97 வீதம். வட்டு 100 வீதம்.

பார்த்தவுடன் வட்டில்தான் குறை என்று தோன்றும். ஆனால், உள்ளே இருப்பது வேகமாக ஓடட்டும் என்று மருமகன் 6 ஜிகாபைட்டை லினக்ஸுக்குக் கொடுத்திருந்தான். மிச்சம் இரண்டும் விண்டோஸுக்குப் போதவில்லை. அது நினைவகத்தில் இருந்ததை வட்டில் எழுதுவதும் திரும்ப வாசிப்பதுமாக இருந்தது. வட்டோ சுழலும் பழைய வன்தட்டு. நினைவகத்தில் இருந்த நெருக்கடிதான் வட்டின் வாசலில் வரிசையாக நின்றது.

லினக்ஸுக்கு 3 ஜிகாபைட் என்று குறைத்தோம். 4 நிமிடத்தில் திறந்தது. குறைத்துக் கொடுத்ததும் வேகம் கூடியது! பிறகு வன்தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. வட்டுப் போட்டோம். அறுபது யூரோவுக்குள் முடிந்தது. இப்போது ஒரு நிமிடத்துக்குள் திறக்கிறது.

வேறு காரணங்களும் உண்டு. செயலியின் எல்லாக் கோர்களையும் உள்ளே கொடுத்தால் வெளிக்கணினி மூச்சுவிட முடியாது. பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். செயலிகளில் இதற்கென்றே ஒரு வசதியை இன்டெல் 2005இலும் ஏ.எம்.டி. 2006இலும் சேர்த்தன. சில கணினிகளின் பயோஸில் அது மூடிக் கிடக்கும். திறந்திருக்கிறதா என்பதை டாஸ்க் மானேஜரின் செயலிப் பக்கத்திலேயே பார்க்கலாம். வேர்ச்சுவல்பொக்ஸ் பாவிப்பவர்கள் அதன் கீழ்ப்பட்டியில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி அந்த வசதியைத் தன் கையில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை நிறுத்தலாமா என்று பயிற்சி ஆசிரியரிடம் கேட்பது நல்லது. மடிக்கணினி மின்சாரத்தில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பற்றரியில் ஓடும்போது செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றமுன் எத்தனை நிமிடம், மாற்றியபின் எத்தனை நிமிடம் என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமற் போகும்.

எல்லாம் பார்த்தபிறகும் புதிது வாங்கவேண்டி வரலாம். அப்போதும் எது குறைவு என்று தெரிந்து வாங்குவீர்கள். பிள்ளைக்கும் இது வீண் வேலையல்ல. நாளை வேலைத்தளத்தில் சம்பளம் தந்து இதைத்தான் செய்யச் சொல்வார்கள்.