இன்னும் பதினோர் ஆட்டங்கள்

காற்பந்துப் பருவம் பாதியை எட்டும்போது இரசிகர்களின் வீடுகளில் கணக்குப் பாடம் தொடங்கிவிடும். முடிந்தவை எத்தனை, மிஞ்சியிருப்பவை எத்தனை, மேலே உள்ள குழுவை எட்டிப் பிடிக்க எத்தனை புள்ளிகள் வேண்டும் என்று ஓயாமல் கணக்குப் போடுவார்கள். தொடர்ந்து வெல்லும் குழுவின் இரசிகருக்கு இந்தக் கவலை இல்லை. தடுமாறும் குழுவின் இரசிகருக்கோ இந்தக் கணக்குதான் ஆறுதல்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சிலாங்கூர் குழுவின் இரசிகர்கள் இந்த நிலையில்தான் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிப்பவர். வயது ஐம்பத்திரண்டு. கிடங்கு ஒன்றில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆட்டமுள்ள நாளில் மிகுதி நேர வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சிவப்புச் சட்டையை அணிந்துகொண்டு, மோட்டார் சைக்கிளில் கெலானா ஜெயாவிலுள்ள பெட்டாலிங் ஜெயா அரங்கத்திற்குப் புறப்பட்டுவிடுவார்.

அந்த ஆண்டு மலேசிய சூப்பர் லீக்கில் பன்னிரண்டு குழுக்கள் இருந்தன. ஒவ்வொரு குழுவுக்கும் 22 ஆட்டங்கள். வென்றால் மூன்று புள்ளிகள். சமநிலை கண்டால் ஒரு புள்ளி. பதினோர் ஆட்டங்கள் முடிந்ததும் அந்த இரசிகர் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு போட்டார். வென்றே தீர வேண்டிய ஆட்டங்கள் முதல் பத்தியில். சமநிலை கண்டாலே போதுமானவை இரண்டாவது பத்தியில். தோற்றாலும் மனத்தைத் தேற்றிக்கொள்ளக் கூடியவை மூன்றாவது பத்தியில். எஞ்சிய பதினோர் ஆட்டங்களையும் வென்றால் 33 புள்ளிகள் கிடைக்கும் என்று புத்தகத்தின் மேற்புறத்தில் எழுதி, அதன்கீழ் இரண்டு கோடுகளும் போட்டார். ஜொகூர் டாருல் தாசிம் குழுவுடனான ஆட்டத்தை மட்டும் அதிகம் யோசிக்காமல் மூன்றாவது பத்தியில் எழுதிவிட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. 2014ஆம் ஆண்டிலிருந்து சூப்பர் லீக் வெற்றியாளர் பட்டத்தை வேறு எந்தக் குழுவாலும் ஜொகூரிடமிருந்து பறிக்க முடியவில்லை. அதே காலத்தில் சிலாங்கூர் 2015இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது. அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் கெடாவிடம் பினால்டி உதைகளில் தோற்றது. அதன்பின் ஏமாற்றங்களே தொடர்ந்தன. 2020இல் கோவிட் 19 தொற்றால் லீக் போட்டி பதினோர் ஆட்டங்களுடன் முடிக்கப்பட்டது; மலேசியக் கிண்ணப் போட்டியும் கைவிடப்பட்டது. 2021 பருவத்தின் நடுவில் தலைமைப் பயிற்றுநர் மாறினார். 2022 பருவம் முடிவதற்குள் மீண்டும் ஒருவர் மாறினார். ஏறத்தாழ 80,000 பேர் அமரக்கூடிய ஷா ஆலாம் அரங்கம் பழுதடைந்து, ஆட்டங்களின்றி வெறிச்சோடிக் கிடந்தது. சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை வீட்டில் குடியிருப்பதைப் போல் சிலாங்கூர் குழு பெட்டாலிங் ஜெயாவில் ஆடிக்கொண்டிருந்தது.

வேறொரு குழுவாக இருந்தால் இந்த நிலையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சிலாங்கூரின் சிக்கல் அதன் பழம்பெருமைதான். மலேசியக் கிண்ணப் போட்டி 1921இல் தொடங்கியது. அதன் முதல் இறுதியாட்டத்திலேயே சிலாங்கூர் ஆடிச் சிங்கப்பூரிடம் தோற்றது. மறு ஆண்டு வென்றது. 2015 வரை 33 முறை அந்தக் கிண்ணத்தை வென்ற குழு வேறு எதுவும் இல்லை. 1967இல் ஆசிய அளவிலான குழுப் போட்டியின் இறுதியாட்டம் வரை சென்ற பெருமையும் அதற்கு உண்டு. 'சிவப்புப் பூதங்கள்' என்று பொருள்படும் 'கெர்காசி மேரா' என்னும் பட்டப்பெயர் அந்தக் காலத்திற்குப் பொருந்தியது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால், சறுக்கிய யானை எழுந்திருக்க இத்தனை ஆண்டுகளா என்பதே இரசிகர்களின் கேள்வி.

கம்போங் மேடான் இரசிகருக்கு அந்தப் பெருமை புத்தகத்தில் படித்துத் தெரிந்த ஒன்றன்று. சிறுவனாக இருந்தபோது தம் தந்தையாரின் தோளில் அமர்ந்து கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தின் ஆட்டத்தைப் பார்த்தவர் அவர். நீண்ட கைகளால் பந்தைத் தாவிப் பிடித்த ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்றே இரசிகர்கள் அழைத்தார்கள். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடிய அவர் 1988 டிசம்பரில் கார் விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 35. கம்போங் மேடான் இரசிகருக்கு அந்நாளில் பதினெட்டு வயது. மொக்தார் டஹாரி, சந்தோக் சிங், கே. ராஜகோபால் ஆகியோரும் அதே சிவப்புச் சட்டையை அணிந்து ஆடியவர்கள். பின்னாளில் ராஜகோபால் தேசியக் குழுவின் பயிற்றுநராகி, 2010இல் தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணத்தை நாட்டுக்குப் பெற்றுத் தந்தார். மலாய்க்காரர், இந்தியர், சீனர், சீக்கியர் என எல்லாரும் ஒரே குழுவில் ஆடியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது.

அந்த வழக்கம் பார்வையாளர் வரிசையில் இன்றும் தொடர்கிறது. இரசிகருடன் ஆட்டத்திற்கு வருபவர் மேல்மாடியில் வசிக்கும் மலாய்க்காரப் பெரியவர். இருவரும் போகும்போது குழுவைப் புகழ்வார்கள், திரும்பும்போது திட்டுவார்கள். மாமாக் கடையில் தே தாரிக் குடித்தபடி, முன்னணி ஆட்டக்காரர் கையோனுக்குப் பந்து போய்ச் சேரவில்லை என்பார் ஒருவர். தற்காப்பே ஓட்டை, பந்து போய் என்ன பயன் என்பார் மற்றவர். இளம் ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்புக் கொடுப்பது நல்லது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. ஆனால், அவர்கள் கற்றுக்கொள்ளும்வரை தோல்வியைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமே என்பதில் இருவருக்கும் ஒரே வருத்தமும் உண்டு.

வீட்டில் வேறுவிதமான எதிர்ப்பு இருந்தது. மூன்றாம் படிவத்தில் பயிலும் மகன் ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டான்.

"அப்பா, பேசாம ஜொகூர் குழுவுக்கே மாறிடுங்களேன். உங்க இரத்த அழுத்தமாவது குறையும்."

"மாறலாம்தான். நாளைக்கு அவங்களும் தோத்துட்டா, அப்புறம் எங்கப்பா மாறுறது?"

"அவங்க தோக்க மாட்டாங்க."

"சிலாங்கூரைப் பத்தி உங்க தாத்தாவும் இப்படித்தான் சொன்னாரு."

மகன் சிரித்துவிட்டான். என்றாலும், அவன் கேட்டது தவறான கேள்வி அன்று. வெற்றி தராத குழுவுக்காக ஒருவர் ஏன் நேரத்தையும் பணத்தையும் செலவிட வேண்டும்? பெட்ரோல், நுழைவுச்சீட்டு, விட்டுக்கொடுத்த மிகுதி நேரச் சம்பளம் ஆகியவற்றைக் கூட்டினால் ஒரு பருவத்தில் கணிசமான தொகை வரும். கிடங்கில் வேலை செய்பவருக்கு அது சிறிய செலவன்று. 'நம் மாநிலம், நம் குழு' என்பது மட்டும் அதற்குப் போதிய பதிலாகாது.

ஒரு பதில் விளையாட்டின் இயல்பிலேயே இருக்கிறது. நீண்ட பருவம் கொண்ட எந்தப் போட்டியிலும் பாதி வழியில் எழுதப்படும் தீர்ப்பு இறுதியானதன்று. அமெரிக்காவின் பேஸ்பால் போட்டியில் ஒரு குழு ஒரே பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் குழு முதல் 50 ஆட்டங்களில் 19இல்தான் வென்றது, 31இல் தோற்றது. அந்தக் குழுவே அவ்வாண்டின் இறுதித் தொடரை வென்றது. 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கின் கடைசி இடத்தில் இருந்த லெஸ்டர் சிட்டி குழு, அந்தப் பருவத்தில் தப்பிப் பிழைத்து, அடுத்த பருவத்தில் வெற்றியாளர் ஆனது.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. 2022 சூப்பர் லீக்கிலேயே நெகிரி செம்பிலான் குழு நல்ல எடுத்துக்காட்டு. முந்திய ஆண்டு இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய அக்குழு, பயிற்றுநர் கே. தேவன் தலைமையில் உயர்ந்து வந்து, முதல் பருவத்திலேயே நான்காம் இடத்தைப் பிடித்தது. சிலாங்கூர் அதற்கு அடுத்த நிலையில், ஐந்தாம் இடத்தில் பருவத்தை முடித்தது. "தேவன் செஞ்சு காட்டுறாரே, நம்மால ஏன் முடியல?" என்று கம்போங் மேடான் இரசிகர் கேட்டபோது, பொறாமையும் பெருமையும் அக்குரலில் கலந்திருந்தன.

இன்னொரு பதில் அதே பெட்டாலிங் ஜெயா அரங்கத்தில் இருந்தது. அந்த அரங்கத்தைப் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் குழுவும் தன் சொந்த அரங்கமாகக் கொண்டிருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் 'மிஃபா' என்ற பெயரில் வளர்ந்த குழு அது. கீழ்நிலை லீக்கிலிருந்து படிப்படியாக உயர்ந்து 2019இல் சூப்பர் லீக்கில் நுழைந்தது. 2021இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரையும் சேர்க்காமல், உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டுமே நம்பிக் களமிறங்கியது. தமிழ் இளைஞர்கள் பலருக்கு உயர்மட்டக் காற்பந்தில் ஆடும் வாய்ப்பைக் கொடுத்தது. சிலாங்கூருக்கு ஆட்டம் இல்லாத வாரங்களில் கம்போங் மேடான் இரசிகர் இந்தக் குழுவின் ஆட்டத்திற்கும் போவதுண்டு. அரங்கில் கூட்டம் குறைவாகவே இருக்கும். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் அழைக்கும் குரல் இருக்கைவரை கேட்கும்.

2022 பருவத்திற்குப் பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய குழுக்களுக்கு அடுத்த பருவத்திற்கான உரிமம் கிடைக்கவில்லை. பன்னிரண்டு குழுக்களில் மூன்று இவ்வாறு மறைந்தன. ஒரு குழுவை நடத்த ஆட்டக்காரர்களின் சம்பளம், பயிற்சித் திடல், பயணம், தங்குமிடம் எனத் தொடர்ந்து பணம் தேவைப்படுகிறது. நுழைவுச்சீட்டு வருமானமும் விளம்பர ஆதரவும் குறைந்தால் குழு தள்ளாடத் தொடங்கிவிடும். இருக்கைகள் காலியாக இருப்பது குழு நடத்துபவர்களுக்கு மட்டும் உரிய கவலையன்று என்பதை அந்த ஆண்டு பலர் உணர்ந்தார்கள். தோற்ற குழுவின் இரசிகர் கோபப்படலாம். அடுத்த ஆட்டத்தை எதிர்பார்க்கலாம். குழுவே இல்லாமல் போனவருக்குக் கோபப்படுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இதை உணர்ந்த பிறகு கம்போங் மேடான் இரசிகரின் குறைகூறல் நின்றுவிடவில்லை. குறைகூறும் முறைதான் மாறியது. பந்தைத் தவறவிட்ட ஓர் இளம் ஆட்டக்காரரை மகன் கைப்பேசியில் இழிவாக எழுதப் போனபோது அவர் தடுத்தார். "ஆட்டத்தைத் திட்டு, ஆளைத் திட்டாதே. அவனும் யாரோ ஒருத்தரோட பிள்ளைதானே," என்றார். பயிற்றுநரின் திட்டத்தையும் நிர்வாகத்தின் முடிவுகளையும் கேள்வி கேட்கும் உரிமை இரசிகருக்கு உண்டு. ஓர் ஆட்டக்காரரின் பிறப்பையும் குடும்பத்தையும் பழிக்கும் உரிமை நுழைவுச்சீட்டோடு சேர்ந்து வருவதில்லை.

அந்தப் பருவத்தின் இறுதியில் ஒரு வாய்ப்பு வந்தது. லீக்கில் ஐந்தாம் இடம் பெற்ற சிலாங்கூர், மலேசியக் கிண்ணப் போட்டியில் இறுதியாட்டம்வரை முன்னேறியது. 2022 நவம்பர் 26ஆம் நாள், புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் ஜொகூரை எதிர்கொண்டது. கம்போங் மேடானிலிருந்து மூவர் புறப்பட்டார்கள்: இரசிகர், மேல்மாடிப் பெரியவர், 'சும்மா பார்க்கத்தான் வருகிறேன்' என்று சொல்லிய மகன். ஆட்டம் 2-1 என்ற கோல் கணக்கில் ஜொகூருக்குச் சாதகமாக முடிந்தது. கடைசி விசில் ஊதியதும் அதிகம் வருந்தியவன் சும்மா பார்க்க வந்தவன்தான். வீடு சேரும்வரை அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தந்தையும் அவனைத் தேற்ற முயலவில்லை. அந்த மௌனம் அவருக்குப் பழக்கமானது.

மறு ஆண்டு சிலாங்கூர் லீக்கில் இரண்டாம் இடத்திற்கு உயர்ந்தது. முப்பத்து நான்காவது மலேசியக் கிண்ணம் அந்த ஆண்டும் கிடைக்கவில்லை. ஆனால், ஆட்டமுள்ள நாள்களில் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கை காலியாக இருந்ததில்லை. மேல்மாடிப் பெரியவர் தம் வண்டியில் தனியாக வரத் தொடங்கினார். பின்னிருக்கையில் அமர்ந்து, தற்காப்பு ஏன் இப்படி ஓட்டையாக இருக்கிறது என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வந்தவன் மகன்.