காசு கொடுத்து லத்தி அள்ளிய கதை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸில் ஆணி அதிகம். ஆனால் இதை எழுதாமல் விட்டால் மகள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

வங்கிக்காரர்களுக்கு வினோதமான லீவு ஒன்று உண்டு. கரன்ஸி செஸ்ட், ட்ரஷரி மாதிரி இடங்களில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாளாவது வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021-ல் வந்த சுற்றறிக்கையில் தெளிவாகவே இருக்கிறது. நாம் ஏதாவது தில்லுமுல்லு செய்து மூடி வைத்திருந்தால், நம் நாற்காலியில் வேறொருவர் உட்காரும்போது வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. அடியேன் கரன்ஸி செஸ்ட் ஆசாமி. போன டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், "நாளையிலிருந்து வராதீங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

நான் இருப்பது ஜோத்பூரில். ஊர் கும்பகோணம். இங்கே பகத் கீ கோட்டி ஸ்டேஷனிலிருந்து மன்னார்குடிக்கு வாரம் ஒரு ரயில் இருக்கிறது. அந்தப் புண்ணியவான் ரயிலில் டிசம்பர் கடைசியில் திடீரென்று டிக்கெட் கேட்டால் என்ன கிடைக்கும்? வெயிட்டிங் லிஸ்டில் மூன்று இலக்க நம்பர் கிடைக்கும். மகளுக்கோ பள்ளிக்கூடம் குளிர்கால விடுமுறை. வீட்டில் மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மகளுக்கு 14 வயசு, குதிரைப் பைத்தியம். அவள்தான் கண்டுபிடித்தாள். ஊருக்கு வெளியே ஒரு மணி நேரத் தூரத்தில் மார்வாரிக் குதிரைகள் வளர்க்கும் ஒரு பண்ணை. அங்கே போய்த் தங்கலாம், ஆனால் ராஜா மாதிரி ஏறிச் சவாரி செய்ய இல்லை. காலையில் லாயம் கூட்ட வேண்டும், தீனி வைக்க வேண்டும், தேய்த்துவிட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். வேலை முடிந்தால் ஒரு மணி நேரம் சவாரி. இதற்குத் தங்குமிடம், சாப்பாடு உட்பட ஆளுக்கு நாளொன்றுக்கு 2,500 ரூபாய். ஐந்து நாள், மூன்று பேர். பெருக்கிப் பார்த்துத் தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் கிளம்பிவிட்டோம்.

போன அன்று ராத்திரி ஊருக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஏண்டா, உங்க தாத்தாவோட போகட்டும்னுதானே உன்னை பி.காம். படிக்க வச்சோம். நீ காசு கொடுத்துப் போய் லத்தி அள்ளுறியா?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். அம்மாவின் அப்பா கும்பகோணத்தில் ஜட்கா ஓட்டினவர். ரயிலடியில் வண்டியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். சொந்தமாக ஒரே ஒரு குதிரை. அது படுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது காலையில் எழுந்ததும் முதல் வேலை லத்தி அள்ளிக் கொட்டுவது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம். சைக்கிள் ரிக்‌ஷாவும் அப்புறம் ஆட்டோவும் வந்து ஜட்கா போயே போச்சு. அம்மாவுக்கு அதில் துளியும் வருத்தம் கிடையாது. நாம் பழைய படத்தில் ஜட்காவைப் பார்த்து "ஆஹா" என்றால் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

சரி, பண்ணைக்கு வருவோம்.

எங்களுக்கு வாத்தியார் அங்கே இருந்த சயீஸ், அதாவது குதிரைக்காரர். அறுபது வயசு இருக்கும். மார்வாடியில் மரியாதையாகக் 'காகோசா' என்று கூப்பிட வேண்டும், நம்மூர் பெரியப்பா, சித்தப்பா மாதிரி. முதல் நாள் அவர் எங்களைக் குதிரையில் ஏற்றவே இல்லை. பக்கத்தில் எப்படிப் போவது என்பதே ஒரு நாள் பாடம். குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். ஆனால் நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் மூக்குக்குக் கிட்டேயும் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே, தோள் பக்கமாகப் போக வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மிரண்டு ஓடினால் விரலும் கூடவே போய்விடும்.

மார்வாரியை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். இரண்டு காதும் உள்பக்கமாக வளைந்து, நுனி ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நிற்கும். ராஜபுத்திரர்களின் போர்க்குதிரை. 1576-ல் ஹல்திகாட்டியில் ராணா பிரதாப்பைச் சுமந்ததாகச் சொல்லும் சேதக்கை இந்த ஊர்க்காரர்கள் மார்வாரி என்றே சத்தியம் செய்வார்கள். இடையில் இந்த இனம் நலிந்து, 1930-களில் ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் நல்ல குதிரைகளாகப் பார்த்துச் சேர்த்து இனவிருத்திக்கு ஏற்பாடு செய்தார். சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானமும் நிலமும் போனதும், தீனி போட முடியாமல் விற்றார்கள், கைவிட்டார்கள். மீண்டு வந்தது ரொம்பப் பிற்பாடுதான்.

காலை ஐந்தரைக்கு எழுப்பிவிடுவார். பாலைவனத்து டிசம்பர் குளிரில் பல் கிடுகிடுக்கும். லாயத்தில் முதலில் லத்தி அள்ள வேண்டும், நனைந்த வைக்கோலைப் பிரித்துத் தனியே தள்ள வேண்டும். பிறகு குளம்பைத் தூக்கி, ஒரு கொக்கியால் உள்ளே ஒட்டியிருக்கும் மண்ணையும் கல்லையும் எடுக்க வேண்டும். அதற்கப்புறம் 'கரஹரா', பல் வைத்த தேய்ப்பானால் உடம்பு முழுக்கத் தேய்ப்பது. ஒரு குதிரைக்கே எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. வங்கியில் நோட்டுக்கட்டு தூக்கின உடம்பு என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன் :-)

எங்களுக்குக் கொடுத்தது மோத்தி என்ற வெள்ளைப் பெண்குதிரை. லத்தி டிபார்ட்மெண்ட் மகளுடையது. காகோசா அவளிடம் ஒரே ஒரு உத்தரவு போட்டிருந்தார். அள்ளும்போது எண்ண வேண்டும், உருண்டையாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, இளகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவளும் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். அப்பன் புத்தி.

எனக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் பேச்சுவாக்கில் காகோசாவின் சம்பளம் தெரிந்தது. மாதம் 13,000. நாங்கள் மூவரும் இரண்டு நாளைக்குக் கொடுப்பது 15,000. அவர் பிழைப்புக்காகச் செய்யும் அதே வேலையைச் செய்ய நாங்கள் பணம் கட்டியிருக்கிறோம். இது உறுத்தியது. அவரிடமே கேட்டேன். சிரித்தார். "சாப், நீங்க வந்தா எனக்கு வேலை குறையுதுன்னு நினைக்கிறீங்களா? நீங்க தேய்ச்ச குதிரையை நான் மத்தியானம் மறுபடி தேய்க்கிறேன்." அப்புறம் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். அவர் பையன் ஜோத்பூரில் பி.காம். இரண்டாம் வருஷம். லாயத்துப் பக்கமே அவனை வரவிடுவதில்லையாம். "அவன் கையில இந்த வாடை ஏறக் கூடாது."

எங்கேயோ கேட்ட குரல்.

மூன்றாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு மகள் நோட்டோடு வந்தாள். "அப்பா, மோத்தி மத்தியானத்துலேர்ந்து லத்தியே போடலை. வாளித் தண்ணியும் அப்படியே இருக்கு." காகோசா ஓடினார். மோத்தி முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது. அவர் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். நல்ல குதிரைக்கு உள்ளே எப்போதும் கடமுடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். அன்றைக்கு ரொம்ப அடங்கியிருந்தது.

வயிற்றுவலிதானே என்று நாம் நினைப்போம். குதிரையைச் சாகடிக்கிற வலி அது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். குளிர்காலத்தில் தண்ணீர் குடிப்பது குறைந்து, உள்ளே தீனி இறுகி அடைத்துக்கொள்வது உண்டு. வலியில் படுத்துப் புரண்டால் ஆளையும் மிதிக்கும், தனக்கும் அடிபடும்.

தீனித்தொட்டியைக் காலி செய்தோம். டாக்டருக்கு போன் போனது. அவர் வரும்வரை மோத்தியை மெதுவாக நடத்திக்கொண்டே இருந்தோம். காகோசா கொஞ்ச தூரம், நான் கொஞ்ச தூரம், தங்கமணி டார்ச்சோடு பின்னால். நடுவில் அம்மாவிடமிருந்து போன். பேத்திதான் அவளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். இரண்டு நாளாகப் பேசாதவள், ஹலோ கூடச் சொல்லாமல் கேட்டாள்:

"லத்தி போட்டுச்சா?"

"இல்லம்மா."

"பச்சைத்தண்ணி காட்டாதே. வெதுவெதுன்னு வை. வைக்கோலைச் சுருட்டி விலாவுல தேய்ச்சு விடு. எங்கப்பா விடிய விடியத் தேய்ப்பாரு. போனைப் புள்ளைகிட்ட குடு."

பேத்தியும் பாட்டியும் வெகு நேரம் பேசினார்கள். டாக்டர் வந்து நாடி பிடித்தார். நிமிஷத்துக்கு 40-க்குள் இருக்க வேண்டியது 60-ஐத் தாண்டியிருந்தது. வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் பாரஃபின் எண்ணெயும் இறக்கினார். இனிமேல் காத்திருப்பதுதான் வைத்தியம் என்றார். வைக்கோலைச் சுருட்டித் தேய்ப்பதைப் பற்றிக் கேட்டேன். அடைப்பை அது எடுக்காது, ஆனால் குதிரைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், செய்யுங்கள் என்றார். செய்தோம்.

காலை நாலு மணிக்கு மோத்தி வாலைத் தூக்கியது. ஒரு குதிரை லத்தி போட்டதற்குக் குளிரில் ஐந்தாறு பேர் நின்று கைதட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மகள் நோட்டில் நேரம் போட்டு எழுதினாள். அம்மாவுக்கு போன் போட்டால் முதல் ரிங்கிலேயே எடுத்தாள். தூங்கவே இல்லை. "நல்லாருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

விடிந்ததும் மகள் எப்போதும் போல அள்ளப் போனாள். அம்மாவின் கோபம் நியாயமானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். வேறு வழியில்லாமல் அள்ளினவளுக்கு அது பிழைப்பு. எங்களுக்குத் திரும்பிப் போக வேலையும் வீடும் இருப்பதால் அது விடுமுறை. தாத்தாவும் அம்மாவும் அதைவிட்டு வெளியே வந்ததால்தான் என் மகள் ஆசைப்பட்டு உள்ளே போக முடிந்தது. ஆனால் அறுபது வருஷமாக அம்மா வாயே திறக்காமல் வைத்திருந்த ஒரு படிப்பும் அவளிடம் இருக்கிறது. அது அந்த ஒரு ராத்திரிதான் வெளியே வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டியும் பேத்தியும் போனில் குதிரைக் கதைதான். கொள்ளை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, லாடம் கழன்றால் சத்தம் எப்படி மாறும், எல்லாம். தாத்தா குதிரையின் பெயர் ராமு என்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.

காகோசாவின் பையனுக்கு வங்கித் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். ஞாயிறு காலை வீட்டுக்கு வருகிறான். கணக்கு நன்றாக வருகிறது, ஆங்கிலம்தான் இடிக்கிறது.

குழந்தைகளோடு இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில டிப்ஸ்: டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், லாயத்து மண்ணில் அந்தக் கிருமி சகஜம். முழுக்கால் பேண்ட், மூடிய ஷூ. ஹெல்மெட் கொடுக்காத இடத்தில் ஏறாதீர்கள். சேணமும் ஆளும் சேர்த்துக் குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது, ஆகவே தொப்பைக்காரர்கள் கேட்டுவிட்டு ஏறவும். குதிரைக்கு ஓய்வு நாள் உண்டா, டாக்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று முதலிலேயே கேளுங்கள். குதிரைக்காரருக்கு என்ன சம்பளம் என்றும் கேளுங்கள். கிளம்பும்போது கொடுப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.