ஈரக்கையோட பாட்டு மாத்த முடியணும்

அம்மாவுக்குப் பாட்டுப் பெட்டி வாங்கக் கடைக்குப் போனேன்.
கடைக்காரர் ப்ளூடூத், பேட்டரி, இத்தனை வாட்டுன்னு அடுக்கிக்கிட்டே போனார்.

நான் பார்த்தது ஒண்ணுதான்.
மாவு பிசையுற கையோட, கண்ணாடி போடாம, அம்மாவால சத்தத்தைக் குறைக்க முடியுமா?

தொடுதிரை அங்கேயே அடிபட்டுப் போச்சு. ஈர விரல் சொன்னா அது கேக்காது.

பட்டனும் பெட்டியிலேயே இருக்கணும். 2009-ல ஆப்பிள், ஐபாட் ஷஃபிள்ங்கிற குட்டிப் பாட்டுப் பெட்டியில இருந்த பட்டனையெல்லாம் தூக்கி இயர்போன் ஒயர்ல வச்சாங்க. பார்க்க அழகுதான். ஆனா வேற சாதாரண இயர்போன் மாட்டினா பாட்டை மாத்த வழியில்ல.
2010-லயே பட்டன் திரும்பி வந்துடுச்சு!

சரிகமா கம்பெனி 2017-ல கொண்டுவந்த கார்வான்ங்கிற பாட்டுப் பெட்டியைப் பெரியவங்களுக்கு ஏன் அவ்வளவு பிடிச்சுது? 5000 பாட்டு உள்ளேயே இருக்கு. நெட் வேணாம், டவுன்லோட் வேணாம். திருகினா பாடும்.

கடைசியில நான் எடுத்ததுல வால்யூமுக்குத் திருகு இருக்கு. ப்ளே பட்டன் மேல சின்னதா ஒரு மேடு. கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன். பென் டிரைவ் சொருகலாம்.
முக்கியமா, அணைச்சுட்டு மறுபடி போட்டா விட்ட இடத்துலேர்ந்தே பாடுது. இது இல்லாத பெட்டி பாதி விலைக்குக் கிடைச்சாலும் வேணாம். ஒவ்வொரு தடவையும் முதல் பாட்டுலேர்ந்து தள்ளிக்கிட்டே வர்றது எவ்வளவு சலிப்பு!

பாட்டு கேக்கணும்னு தோணுற நேரத்துல யாரையும் கூப்பிடாம தானே போட்டுக்கணும். அந்தச் சுதந்திரம் அம்மாவுக்கு வேணும்.

உங்க வீட்டுப் பெரியவங்க எதுல பாட்டு கேக்கிறாங்க? அவங்களே போட்டுக்க முடியுதா?