தேய்ப்புக்கும் கூலி வேண்டும்

பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் எனச் சென்னையின் கடலோரத் தெருக்களில் மாடிக் கைப்பிடிக் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையைக் கிட்ட நின்று கவனித்தால் ஒன்று புரியும். ஒழுங்கான வேலையில் பெயிண்ட் பிரஷைப் பிடிக்கும் நேரம் குறைவு, தேய்க்கும் நேரம் அதிகம். தேர்ந்த பெயிண்டர் முதலில் கம்பிகளை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுகிறார். உரிந்து நிற்கும் பழைய பெயிண்டைப் பட்டித் தகட்டால் சுரண்டி, துருவைக் கம்பி பிரஷால் உதிர்க்கிறார். உருண்டைக் கம்பி என்றால் எமரித் துணியை நீளமாகக் கிழித்து, கம்பியைச் சுற்றிப் போட்டு, தயிர் கடையும் கயிற்றைப் போல இரு கையாலும் மாறி மாறி இழுக்கிறார். கைப்பிடியின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. சொரசொரப்பு எங்கே மிச்சம் இருக்கிறதென்று விரலால் தடவிப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் ரெட் ஆக்சைடு பிரைமர் டப்பா திறக்கிறது. வீட்டுக்காரர் பேரம் பேசும்போதோ எந்தக் கம்பெனி பெயிண்ட், எத்தனை கோட், சதுர அடிக்கு என்ன ரேட் என்றுதான் கேட்கிறார். கம்பியின் ஆயுளைத் தீர்மானிக்கிற தேய்ப்புக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. இந்தக் கணக்கை மாற்றியாக வேண்டும்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மேலே எவ்வளவு உயர்ந்த எனாமல் இருந்தாலும் அடியில் வளரும் துரு அதைத் தூக்கிவிடும். கடலோரத்தில் உப்பும் சேர்கிறது. பெயிண்டுக்கு அடியில் சிக்கிய உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும்; அதனால்தான் முதலில் கழுவுகிறார்கள். கம்பி சிமெண்டுத் தரைக்குள் இறங்கும் இடத்திலும் வெல்டிங் மூட்டிலும் தண்ணீர் தங்கும். பட்டைக் கம்பியின் கூர்விளிம்பில் ஈரப் பெயிண்ட் விலகி மெலிந்துபோகும். இந்த மூன்று இடங்களுக்கும் சின்ன பிரஷால் தனியாக ஒரு முறை பிரைமர் கொடுத்துவிட்டுத்தான் தேர்ந்தவர்கள் முழுக் கம்பிக்கும் அடிக்கிறார்கள். தேய்த்த இரும்பை ராத்திரி கடற்காற்றில் விட்டால் விடிவதற்குள் புதுத் துரு பூத்துவிடும். ஆகவே அன்றைக்குத் தேய்த்த பகுதிக்கு அன்றைக்கே பிரைமர் விழ வேண்டும்.

ஒரு கோட் கூடுதலாக அடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உதிரும் துருவின்மேல் எத்தனை கோட் அடித்தாலும் அத்தனையும் துருவோடு சேர்ந்தே உதிரும். துருவின் மேலேயே அடிக்கும் பெயிண்ட் வந்துவிட்டதே என்பார்கள். அந்த வகைப் பெயிண்டுக்கும் உதிரித் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் நீக்கியாக வேண்டும். எவர்சில்வர் கம்பிக்கு மாறலாம் என்றால், கடற்காற்றில் 304 தரமும் பழுப்புக் கறை பிடிக்கும். அதைவிட நன்றாகத் தாங்கும் 316 தரத்தின் விலை கூடுதல். ஸ்காட்லாந்தில் 1890இல் திறந்த ஃபோர்த் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயிண்ட் அடிக்கப்படும் பாலம் என்றே பெயர் இருந்தது. 2011இல் முடிந்த சீரமைப்பில் பழைய அடுக்குகளைச் சுரண்டி வெற்று உருக்குவரை போய்ப் புதுப் பூச்சு கொடுத்தார்கள். அது 20 ஆண்டுகளுக்குக் குறையாமல் தாங்கும் என்பது கணிப்பு. நல்ல பூச்சுக்கும் அடித்தளம் வெற்று உருக்குதான் என்பதற்கு இது சான்று.

பெயிண்டர்களே தேய்க்காமல் ஏமாற்றுகிறார்களே என்ற குறையிலும் உண்மை உண்டு. ஆனால் சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவர் கூடுதலாகத் தேய்க்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் கைக்காசு. நாம் பேசும் ரேட்டே அவரை அவசரப்படுத்துகிறது. தேய்க்கும்போது கிளம்பும் தூசியை மூச்சில் இழுப்பவரும் அவர்தான். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கம்பிகளில் ஈயம் இருக்கக்கூடும். பழைய பெயிண்டை நனைத்துத் தேய்ப்பதும், தூசி வடிகட்டும் முகக்கவசமும், குழந்தைகளை அண்டவிடாமல் வைப்பதும் வேலையின் பகுதிகள். இவற்றுக்கும் நேரம் ஆகும், காசு ஆகும். அதைத் தர வேண்டியவர் வீட்டுக்காரர்.

காலமும் முக்கியம். பொங்கலுக்குள் முடிக்க வேண்டுமென்று மழை விட்ட கையோடு, மார்கழிப் பனி ஈரத்தில் அடிப்பது நம் வழக்கம். வீட்டுச் சுவரைப் பொங்கலுக்குப் புதுப்பியுங்கள். வெளிக் கம்பியை மாசிக்குத் தள்ளிவையுங்கள். பனி உலர்ந்தபின், கம்பி சுடும் முன் அடிக்கச் சொல்லுங்கள். தேய்ப்பு வேலைக்கு நாள்கூலி தனி, பெயிண்ட் வேலைக்குக் கூலி தனி என்று மேஸ்திரியிடம் முதலிலேயே பேசி முடியுங்கள். பிரைமர் விழும் முன் ஒரு தடவை நீங்களே கைப்பிடியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இல்லையென்றால் தேய்ப்புக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.