ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர்

உங்கள் பிள்ளையின் பள்ளியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ ஒரு துண்டுத்தாள் உங்கள் கைக்கு வந்திருக்கலாம். நோயாளிகளுக்காகவோ ஆதரவற்ற குழந்தைகளுக்காகவோ நிதி திரட்டும் ஓட்டம், தூரம் 5 கிலோமீட்டர், வயது வரம்பு இல்லை, குடும்பத்தோடு வருக என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். நம் ஊர்களில் இதையும் 'மாரத்தான்' என்றே சொல்லிவிடுகிறோம். மாரத்தான் என்பது 42 கிலோமீட்டரையும் தாண்டிய நெடுந்தொலைவு. அந்தச் சொல்லைக் கேட்டே பாதிப் பேர் அஞ்சி ஒதுங்கிவிடுகின்றனர்.

அந்த அச்சத்தைப் போக்கிக்கொள்ள ஏற்ற இடம் எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் கொடைக்கானல் ஏரிச்சாலையைச் சொல்வேன். இத்தகைய ஓட்டங்களுக்கு உலகெங்கும் வழக்கமாக வைக்கும் தொலைவு 5 கிலோமீட்டர். அந்த ஏரியைச் சுற்றிவரும் சாலையின் நீளமும் ஏறத்தாழ அதுவே. மலையூரில் சமதரையான ஐந்து கிலோமீட்டர் கிடைப்பது எளிதன்று. அது இங்கே கிடைத்ததற்கு 1863ஆம் ஆண்டில் நடந்த ஒரு வேலை காரணம். மதுரை மாவட்டக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பாகக் கிடந்த பள்ளத்தாக்கில் ஓடைக்குக் குறுக்கே அணையிட்டு இந்த ஏரியை உருவாக்கினார். முதற்படகும் தூத்துக்குடியிலிருந்து அவர் முயற்சியாலேயே மலையேறி வந்தது. இன்று ஏரியின் பரப்பு சுமார் 60 ஏக்கர்.

புறப்படுமுன் ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்குமிடம் கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேலே. இங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிடக் கால் பங்குக்குச் சற்றே குறைவாக இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிட்டும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறையும். காயல்பட்டினத்திலும் நாகூரிலும் காலைதோறும் வேகமாக நடந்து பழகியவர்கூட, இங்கே முதல் அரைக் கிலோமீட்டரிலேயே மார்பு அடைப்பதுபோல் உணரலாம். அதைத் தம் உடலின் பலவீனமாக எண்ணி மனம் சோரவேண்டியதில்லை. முதல் நாள் மலையேறி மறுநாட் காலையே ஓடாமல், ஓரிரு நாள் தங்கி நடந்து பழகிவிட்டு ஓடுவது நலம். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கலாகாது. உண்மையிலேயே நெஞ்சு வலித்தால் அந்த இடத்திலேயே நின்று உதவி கேட்க வேண்டும். ஓட்டத்தை முடிக்கவேண்டும் என்ற வீம்பு வேண்டா.

சாலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏரி வட்டமானதன்று, நட்சத்திரம்போலக் கைகளை நீட்டிக்கொண்டிருப்பது. ஆகவே சாலையும் ஒவ்வொரு கைக்குள்ளும் நுழைந்து வெளியேறுகிறது. உங்களுக்கு முன்னால் ஓடியவர் நீருக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில் தெரிவார். எட்டிப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சாலை வழியே அவர் வெகுதூரம் போயிருப்பார். முதன்முறை ஓடுவோர் இதைக் கண்டு ஏமாந்து வேகத்தைக் கூட்டிக் களைத்துப்போகின்றனர். படகுத்துறைப் பக்கம் இரைச்சலும் கடைகளும் மிகுதி. கிழக்கே, 1908ஆம் ஆண்டில் வன அதிகாரி பிரையன்ட் அமைத்த பூங்கா. அதைக் கடந்து அகன்றால் மரநிழலும் நீரின் ஓசையும்தாம் துணை. வாடகைக் குதிரைகளும் மிதிவண்டிகளும் எந்நேரமும் எதிர்ப்படும். குதிரை நடந்த சாலையில் எது கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆதலால் தளர்ந்த நீளாடையும் இறுகக் கட்டிய முக்காடுமாக ஓட வரும் சகோதரிகளுக்கு அந்த உடை தடையாயிராது என்றாலும், ஆடையின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்பது நல்லது. விடியற்பொழுதில் காட்டுமாடுகளும் ஊருக்குள் உலவுவதுண்டு. அவற்றைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி, தொலைவிலேயே நின்றுவிடுங்கள்.

இனி, பிறர் நலனுக்காக ஓடும் இந்த வழக்கத்துக்கு வருவோம். கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸின் வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும். எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலக்காலை இழந்தவர் அவர். செயற்கைக் காலுடன் 1980 ஏப்ரல் 12 அன்று தம் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதே நோக்கம். நாளொன்றுக்கு ஒரு மாரத்தான் அளவு. 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த நேர்ந்தது. 1981 ஜூனில், 23 வயது நிறையுமுன்பே இறந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கி அவர் பெயரால் ஆண்டுதோறும் ஓட்டங்கள் நடக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்துள்ளது. இந்த ஓட்டங்களில் போட்டியில்லை, முதற்பரிசில்லை. நடக்கலாம், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டும் வரலாம். மும்பை மாரத்தானோடு 2004 முதல் நடந்துவரும் 'கனவு ஓட்ட'மும் ஏறத்தாழ இவ்வகையே.

கொடைக்கானலிலும் பொதுநலனுக்காகக் கால்கள் நடந்தன. அது ஓட்டமன்று, ஊர்வலம். 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று இவ்வூரில் இயங்கியது. பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச் மாதத்தில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் முன்னிற்க, ஊர்மக்கள் நூற்றுக்கணக்கில் தொழிற்சாலையை நோக்கி நடந்தனர். அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. அங்கு வேலை பார்த்து உடல்நலம் கெட்டதாகப் போராடிய முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது 2016 மார்ச்சில்தான். பதினைந்து ஆண்டுகள்! ஏரியின் நீரிலும் மீனிலும் பாதரசத்தின் தடம் இருந்ததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். நீங்கள் சுற்றி ஓடப்போவது இந்த ஏரியைத்தான்.

ஆகவே துண்டுத்தாளை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். திரளும் தொகை யாருக்குப் போகிறது, பனியனுக்கும் மேடைக்கும் பந்தலுக்கும் எவ்வளவு, உரியவர் கையில் எவ்வளவு என்று அமைப்பாளரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. நேர்மையாக நடத்துவோர் மகிழ்ந்து கணக்குக் காட்டுவர், ரசீதும் தருவர். விடை மழுப்பலாக வந்தால், அந்தப் பணத்தை நேரே ஒரு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, ஏரியைத் தனியே சுற்றி வாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்றவை நன்கொடையின் துணையோடே ஏழைகளுக்குச் சிகிச்சை அளித்து வந்துள்ளன. நன்கொடை கேட்டு உறவினரிடம் போவதற்குக் கூச்சப்படுவோரும் உண்டு. 'நான் ஓடி முடித்தால் தாருங்கள் மாமா' என்று கேட்கும் பேரனிடமோ மருமகளிடமோ இல்லையென்று சொன்ன மாமாவை நான் கண்டதில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. வழியில் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் தரும் அமைப்பாளரைப் பாராட்டுங்கள். கீழிருந்து வாகனத்தில் வருவோர் இ-பாஸ் விவரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது.

ஓடி முடித்த மறுநாள், கால் ஒத்துழைத்தால், டால்பின் மூக்குப் பாறைப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கிருந்து வெள்ளகவிக்கு ஓர் ஒற்றையடிப் பாதை செங்குத்தாக இறங்குகிறது. சாலையில்லாமலே பல தலைமுறை வாழ்ந்த ஊர் அது. வத்தலக்குண்டு வழியான மலைச்சாலை 1910களில் முழுமை பெறும்வரை, வெள்ளைக்காரத் துரைமார் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து பல்லக்கிலும் நாற்காலியிலும் அமர்ந்து மேலே வந்தனர். தூக்கி வந்தவர்களுக்கு ஓய்வு என்பது சுமை மாற்றிக்கொள்ளும் அந்தச் சில நிமிடமே. சாலை வந்தபின்னும் வெள்ளகவி மக்கள் தலைச்சுமையோடு அந்தப் பாதையில்தான் ஏறியிறங்கினர், நோயாளியையும் தூளிகட்டித் தூக்கி வந்தனர். அவர்களுக்கு 5 கிலோமீட்டர் என்பது பொழுதுபோக்காயிருந்ததில்லை.

திரும்பும்போது வெள்ளி நீர்வீழ்ச்சியில் பேருந்து நின்றால் இறங்குங்கள். 180 அடி உயரத்திலிருந்து விழும் அந்த நீர், ஏரியில் நிரம்பி வழிந்து வருவதுதான். படிக்கட்டில் கால் வைக்கும்போது தொடை பிடித்துக்கொள்ளும். கைப்பிடியைப் பற்றி மெல்ல இறங்குங்கள்.