சிப்பிக்கு வீடு கட்டும் பசங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம். ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. இன்னிக்கு எப்படியும் எழுதிடறதுன்னு உட்கார்ந்தாச்சு.

நியூயார்க்னா நமக்கெல்லாம் சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், வால் ஸ்ட்ரீட்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊர் துறைமுகத்துக்குள்ளயே கவர்னர்ஸ் ஐலண்ட்னு ஒரு சின்னத் தீவு இருக்கு. அங்க ஒரு அரசுப் பள்ளிக்கூடம், பேரு ஹார்பர் ஸ்கூல். 2003ல ப்ரூக்ளின்ல ஆரம்பிச்சு, 2010ல தீவுக்குக் குடிவந்தது. ஸ்கூல் பஸ்ஸுக்குப் பதிலா பசங்க படகுல வர்றாங்க. கணக்கு, இயற்பியலோட ஆளுக்கு ஒரு கடல் வேலையும் கத்துக்கணும். படகு ஓட்டுறது, தண்ணிக்குள்ள மூழ்கி வேலை பார்க்குறது, சிப்பி வளர்க்குறது இப்படி.

(சிப்பின்னதும் தூத்துக்குடி முத்து ஞாபகம் வந்தா, அது வேற ஜாதி. இதை நம்பி யாரும் பணக்காரன் ஆக முடியாது :-) )

சரி, மேட்டருக்கு வருவோம். அந்தத் துறைமுகத்துல ஒரு காலத்துல சுமார் 2,20,000 ஏக்கர் பரப்புக்குச் சிப்பித் திட்டுகள் இருந்ததுன்னு கணக்கு சொல்றாங்க. ஊரே தின்னுச்சு. தின்ன ஓட்டைத் திரும்பக் கடல்ல போடாம ரோடு போட, சுண்ணாம்பு எடுக்கன்னு தீர்த்துட்டாங்க. மிச்சத்தைச் சாக்கடை பார்த்துக்கிச்சு. 1927ல, இந்தச் சிப்பியைத் தின்னா ஆபத்துன்னு கடைசிப் படுகையையும் மூடிட்டாங்க.

1972ல தண்ணீர் மாசுக்கு எதிரா கடுமையான சட்டம் வந்து, தண்ணி மெல்ல மெல்லத் தெளிஞ்சுது. மீன் வந்துச்சு. ஆனா சிப்பி மட்டும் பெருகவே இல்ல. ஏன்?

இங்கதான் பொட்டி தட்டுற நமக்குப் பிடிச்ச சமாச்சாரம் வருது. சிப்பிக் குஞ்சு பொறந்து ரெண்டு மூணு வாரம் கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல நீந்திக்கிட்டு இருக்கும். அப்புறம் கெட்டியான இடமாத் தேடிப் போய் ஒட்டிக்கும். அதுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இன்னொரு சிப்பியோட ஓடு. ஒரு தடவை ஒட்டிக்கிட்டா ஆயுசு முழுக்க அங்கயேதான், நம்ம ஹோம் லோன் மாதிரி. ஆனா துறைமுகத்துக்கு அடியில பெரும்பாலும் சேறு. சேத்துல விழுந்த குஞ்சு மூச்சடைச்சு செத்துடும். ஓடு இல்லாததால சிப்பி இல்ல, சிப்பி இல்லாததால ஓடு இல்ல. சுத்தமான டெட்லாக்!

இந்த டெட்லாக்கை உடைக்குற வேலை பள்ளிக்கூடத்துப் பசங்க கையில இருக்கு. 2014ல இதுலேர்ந்து கிளம்பினதுதான் 'பில்லியன் ஆய்ஸ்டர் ப்ராஜெக்ட்'. ஸ்கூலை ஆரம்பிச்ச மர்ரி ஃபிஷரும், அங்க வாத்தியாரா இருந்த பீட் மாலினோவ்ஸ்கியும் சேர்ந்து தொடங்கினது. 2035க்குள்ள 100 கோடி சிப்பிங்கிறது இலக்கு. இதுவரைக்கும் 10 கோடிக்கு மேல போட்டாச்சு.

முதல்ல ஓட்டல்கள்ல ஜனங்க தின்னுட்டுப் போட்ட ஓட்டைச் சேகரிச்சு, தீவுல குவிச்சு, ஒரு வருஷம் வெயில்லயும் மழையிலயும் காயப்போடறாங்க. காஞ்ச ஓட்டைத் தொட்டியில போட்டு, கடல் தண்ணி ஊத்தி, குஞ்சுகளை விடுறாங்க. ஒட்டிக்கிட்டதும் கம்பிக் கூண்டுகள்ல அடைச்சுத் துறைமுகத்துல இறக்குறாங்க. அப்புறம் அப்பப்போ வெளிய எடுத்து எத்தனை உசுரோட இருக்கு, எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்திருக்கு, தண்ணியில உப்பு எவ்வளவு, ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு குறிச்சுக்கிறாங்க. நகரத்துல இருக்கிற மத்த பள்ளிக்கூடப் பசங்களும் கரையோரமாச் சின்னக் கூண்டு தொங்கவிட்டு அளக்குறாங்க. வளர்ந்த சிப்பி ஒண்ணு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 190 லிட்டர் வரைக்கும் தண்ணியை வடிகட்டுமாம். இவ்வளவு பண்ணியும் அதை யாரும் திங்க முடியாது. பெருமழை பெஞ்சா இன்னிக்கும் சாக்கடை பொங்கித் துறைமுகத்துலதான் விழுது.

கடல்ல எதைப் போட்டாலும் வீடு ஆயிடும்னு நினைச்சுடாதீங்க. ஃபுளோரிடாவுல 1972ல 'மீனுக்கு வீடு'ன்னு சொல்லிக் கிட்டத்தட்ட 20 லட்சம் பழைய டயரைக் கட்டிக் கடல்ல இறக்கினாங்க. கட்டு அத்துப்போச்சு. புயல் வந்தப்பல்லாம் டயர் உருண்டு போய், பக்கத்துல நல்லா இருந்த பவளத்தையும் அடிச்சு நொறுக்குச்சு. பல வருஷம் கழிச்சு ராணுவ டைவர்களை இறக்கி டயரை வெளிய எடுக்க வேண்டியதாப் போச்சு. போட்டதை அடிக்கடி போய்ப் பார்க்கணும், அளக்கணும். ஹார்பர் ஸ்கூல் பசங்க பண்றது அதைத்தான்.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க காலேஜ் லேப் ஞாபகம்தான் வந்துச்சு. விடை முன்னாடியே தெரியும். கிராஃப் எப்படி வரணும்னு சீனியர் ரெகார்டுல இருக்கும். ரீடிங் கொஞ்சம் தள்ளி வந்தா தப்பு நம்ம மேலதான், ஓம் மேல இல்ல :-) நாலு வருஷத்துல, விடை யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியை ஒரு வாத்தியாரும் எங்ககிட்ட கேட்டதில்ல. அந்தப் பசங்க கூண்டைத் தூக்கும்போது நூத்துல நாப்பது செத்துக் கிடந்தா, அது தப்பான ரீடிங் கிடையாது. தண்ணி என்னமோ சொல்லுது, என்னன்னு கண்டுபிடிக்கணும். பதினஞ்சு வயசுல அந்தக் குழப்பம் கிடைக்கிறது பெரிய குடுப்பினை.

இதெல்லாம் இப்போ எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. என் சித்தப்பா பையன் பிளஸ் டூ. கடல் உயிரியல் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். போன வாரம் சித்தப்பா போன் பண்ணி, "நீயாவது சொல்லுப்பா. மீனையும் நண்டையும் பார்த்துக்கிட்டு இருந்தா சோறு கிடைக்குமா? உன்ன மாதிரி கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லு"ன்னார்.

சோத்துக் கேள்வி நியாயமான கேள்வி. மாசச் சம்பளம் வாங்கிக்கிட்டு நான் அதைக் கிண்டல் பண்ண முடியாது. அவனுக்கு என்னை மாதிரி படிச்சு முடிச்சதும் வேலை கிடைக்கும்னு சத்தியம் பண்ணவும் முடியாது. அதனால சித்தப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "ஃபாரம் நிரப்புறதுக்கு முன்னாடி தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கும், பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையத்துக்கும் அவனை ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க சித்தப்பா. சேத்துல இறங்கிப் பார்த்த பிறகும் அதான் வேணும்னு சொன்னா, விட்டுடுங்க."

அந்தப் பக்கம் படிச்சவங்க யாராவது இருந்தா உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மக்களே, பையனுக்கு உதவியா இருக்கும்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "பார்ப்போம்"னார். எங்க வீட்ல "பார்ப்போம்"னா பாதி சம்மதம்.